இடைவெளி விட்டு, ரசீது வாங்கு

சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டாசு ஆலை என்று போர்டு இருக்கும். உள்ளே பெரிய கட்டடம் ஒன்றும் இருக்காது. வெட்டவெளியில் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும். நடுவில் வெறும் நிலம், அங்கங்கே ஒரு வேப்பமரம். வெளியூர்க்காரர்கள், "இவ்வளவு இடத்தை ஏன் சும்மா போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். அது சும்மா கிடக்கும் இடம் இல்லை. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக வெடிபொருள் விதிகள் கேட்டு வாங்கும் இடைவெளி.

ஆலைக்குள் வேலை நடக்கும் விதமும் அந்த இடைவெளிக்கு ஏற்றதுதான். வெயில் ஏறுவதற்கு முன்பே மருந்து கலந்துவிடுவார்கள். கலந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து செலுத்தும் அறைக்குக் கொண்டு போவார்கள். செலுத்தியது திரி வைக்கும் அறைக்குப் போகும், பிறகு காயப் போடுவார்கள், கடைசியில் பேக்கிங். வேலை அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இன்ன அளவுக்கு மேல் மருந்தும் இருக்கக் கூடாது. ஓர் அறைக்காரர் அடுத்த அறை வாசலில் நின்றுகொண்டு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்க முடியாது. கொண்டுபோய் வைக்க வேண்டியதை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

நான் ஆலைக்காரன் இல்லை. இந்த ஜில்லாவின் அச்சகங்களுக்கும் பார்சல் ஆபீஸ்களுக்கும் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவன். பாக்ஸ்புரோ காலத்து ஆள். எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் இன்று சர்வர், கிளவுட் என்று எழுதுகிறார்கள். ஏதாவது முட்டிக்கொண்டால் மட்டும், "ஐயா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பார்கள். அப்படிப் போய்ப் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் கோளாறு ஒன்றுதான். எல்லா வேலையும் ஒரே அறைக்குள் முண்டியடித்துக்கொண்டு நிற்கும்.

ஆடிப்பெருக்குக்குப் பிறகு

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அன்றிலிருந்து ஏஜெண்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை, அரிசி மண்டி என்று ஆர்டர் பிடித்து போனில் சொல்லச் சொல்ல, அச்சகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள்.

பெயர் வேண்டாம், ஓர் அச்சகம். அங்கே இருந்த ஆர்டர் புரோகிராம் எப்படி எழுதப்பட்டிருந்தது என்றால், "சேவ்" பொத்தானை அழுத்தியதும் முதலில் ஆர்டர் பதிவாகும். அதே மூச்சில் காகித ஸ்டாக்கைக் கழிக்கும். அட்வான்ஸுக்கு ரசீது போடும். அச்சு வரிசையில் சேர்க்கும். பார்சல் ஆபீஸுக்குத் தகவல் கொடுக்கும். கடைசியாக ஏஜெண்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். இந்த ஆறும் முடிந்தால்தான் திரையில் ஆர்டர் எண் வரும். ஒன்று நின்றாலும் திரை நிற்கும்.

சீசன் உச்சத்தில் எஸ்எம்எஸ் அனுப்பும் கம்பெனியின் சர்வர் மெதுவாகிவிட்டது. ஆர்டர் எடுக்கும் பெண் காதில் போனை இடுக்கிக்கொண்டு, "சார், சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறார். அந்தப் பக்கம் ஏஜெண்டுக்கு அவசரம். திரை அசையவில்லை; மறுபடி அழுத்தினார். பதிவேட்டில் முதல் தடவையே ஆர்டர் ஏறியிருந்தது, எஸ்எம்எஸ் மட்டும்தான் பாக்கி என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே நகைக்கடைக்கு இரண்டு ஆர்டர் ஏறி, இரண்டும் அச்சாகி, இரண்டும் கட்டாகி நின்றன. வேறு சரக்கு என்றால் தள்ளி விற்கலாம். கடையின் பேரும் போன் நம்பரும் அடித்த காலண்டரை யார் வாங்குவார்கள்? அச்சக முதலாளி என்னிடம், "அண்ணாச்சி, ஒரு எஸ்எம்எஸ் போகலைங்கிறதுக்காக ஆயிரம் காலண்டரைக் காயலான் கடைக்குப் போடணுமா?" என்றார். நியாயமான கேள்வி.

பழுது எஸ்எம்எஸ்ஸில் இல்லை. எஸ்எம்எஸ் பத்து நிமிஷம் கழித்துப் போனால் ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. அந்தச் சின்ன வேலையின் தாமதம் ஆர்டர் எடுக்கும் பெரிய வேலையை வந்து பிடித்துக்கொண்டதே, அங்கேதான் பழுது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லை.

வைத்துவிட்டுத் திரும்புவது

அந்த அச்சகத்தின் பிள்ளைகள் புரோகிராமைத் தனித்தனி சர்வீஸ்களாகப் பிரித்தார்கள். நடுவில் ஒரு மெசேஜ் க்யூ, அதாவது செய்திகள் காத்திருக்கும் வரிசை, வைத்தார்கள். இப்போது ஆர்டர் சர்வீஸ் செய்வது இரண்டே காரியம்: ஆர்டரைப் பதிந்துகொள்ளும், "இன்ன எண், இன்ன கடை, இத்தனை காலண்டர், இந்த டிசைன்" என்று ஒரு மெசேஜை எழுதிக் க்யூவில் வைக்கும். உடனே திரையில் எண் வந்துவிடும். ரசீது சர்வீஸ், அச்சு சர்வீஸ், பார்சல் சர்வீஸ், எஸ்எம்எஸ் சர்வீஸ் நான்கும் தங்கள் தங்கள் வேகத்தில் அந்த மெசேஜை எடுத்து வேலையைப் பார்க்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசீது சர்வீஸ் படுத்துவிட்டது. ஆர்டர் எடுப்பது நிற்கவில்லை. திங்கட்கிழமை காலையில் அது எழுந்ததும், காத்துக் கிடந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாக எடுத்து ரசீது போட்டு முடித்தது.

இது புதுசும் இல்லை. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 1980களிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார். விலைத் தகவலை ஒருவர் போட்டுவிட, வேண்டியவர்கள் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். போட்டவருக்கு எடுப்பவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. 2003 வாக்கில் ஜே.பி. மார்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓ'ஹாரா, எந்தக் கம்பெனி மென்பொருளும் எந்தக் கம்பெனியோடும் மெசேஜ் பேசிக்கொள்ள ஒரு பொது ஒழுங்கை உருவாக்கத் தொடங்கினார். அந்த ஒழுங்கைப் பின்பற்றி 2007-ல் வந்ததுதான் இன்று நம் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்தும் க்யூ மென்பொருளான ரேபிட்எம்க்யூ.

ரேபிட்எம்க்யூ எழுதப்பட்ட மொழி எர்லாங். 1980களில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கியது. அதில் எந்த வேலையும் இன்னொரு வேலையின் நினைவகத்தைத் தொட முடியாது. பேச வேண்டுமானால் மெசேஜ் அனுப்ப வேண்டும். ஒரு வேலை செத்துப் போனால் அது மட்டும்தான் சாகும். மேற்பார்வைக்கு என்று இருக்கும் இன்னொன்று அதை மறுபடி எழுப்பிவிடும். ஒருவர் பேச்சு அறுந்தால் ஊர் பேச்செல்லாம் அறுந்துவிடக் கூடாது என்பதுதான் எக்ஸ்சேஞ்சுக்காரர்களின் கவலை. முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு வெம்பக்கோட்டை ரோட்டின் அந்த அறைகள்தான் கண்ணில் நின்றன. வாட்ஸ்அப்பின் சர்வரும் இந்த எர்லாங்கில் எழுதியதுதான்.

இடைவெளி மட்டும் போதாது

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆலையில் போவது உயிர். சர்வரில் போவது ஆர்டரும் காசும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் வெடி ஓர் அறையோடு நிற்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த ஜில்லாவில் அந்த நாளை மறந்தவர்கள் இல்லை. ஆனால் ஒழுங்கு எங்கே குலைகிறது என்பதைப் பற்றி அந்தத் தொழில் கற்றுக்கொண்ட பாடம், வேறு எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

விபத்துக்குப் பிறகு பேப்பரில் வரும் காரணங்கள் எங்களுக்கு மனப்பாடம். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து. 4 பேர் அறையில் அதற்கு மேல் ஆள். அறையில் இடமில்லாமல் மரத்தடியில் வைத்து வேலை. முந்தின நாள் மீந்து நீர்த்துப்போன மருந்து. உரிமம் ஒருவர் பேரில் இருக்க, வேலையை இன்னொருவருக்கு உள்குத்தகைக்கு விட்டிருப்பது. அறைகள் தள்ளித்தான் இருந்திருக்கும். அளவு இல்லை, பதிவு இல்லை, பொறுப்பு யாருடையது என்று தெரியவில்லை. இடைவெளி மட்டும் இருந்து என்ன செய்ய?

க்யூ வைத்த பிள்ளைகளும் முதல் மாதத்தில் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். "வைத்தாச்சு, இனி கவலையில்லை" என்ற நினைப்பு வந்துவிடும். அங்கேதான் மெசேஜ் தொலையும். அவர்களுக்கு நான் நான்கு விஷயம் சொல்வேன்.

முதலாவது, ரசீது. மெசேஜை எடுத்தவர், "பெற்றுக்கொண்டேன்" என்று க்யூவுக்குச் சொல்ல வேண்டும். எப்போது சொல்வது என்பதில்தான் சூட்சுமம். கைக்கு வந்தவுடனே ரசீது கொடுத்துவிட்டு, வேலையை முடிக்குமுன் சர்வீஸ் படுத்துவிட்டால், அந்த ஆர்டர் போன இடம் தெரியாது. வேலையை முடித்துவிட்டு ரசீது கொடுத்தால், நடுவில் படுத்தாலும் க்யூ அதை மறுபடி எடுத்து நீட்டும். க்யூவும் மெசேஜும் டிஸ்க்கில் எழுதப்பட வேண்டும் என்று சொல்லி வைப்பதும் இதில் சேர்த்தி. இல்லாவிட்டால் க்யூ ஓடும் மெஷினையே நிறுத்தி எழுப்பும்போது எல்லாம் துடைத்துப் போய்விடும். அனுப்புகிற பக்கமும் ஒரு ஓட்டை உண்டு. ஆர்டர் பதிவாகி, மெசேஜ் வைக்குமுன் கரண்ட் போனால்? அதனால் ஆர்டரைப் பதியும் அதே நொடியில், அனுப்ப வேண்டிய மெசேஜையும் டேட்டாபேஸில் ஒரு தனி அட்டவணையில் எழுதிவிட வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து அனுப்புவது வேறொருவர் வேலை. பழைய ஆபீஸ்களில் தபால் அனுப்புகைப் பதிவேடு வைத்திருந்தவர்களுக்கு இது விளக்கமே தேவைப்படாது.

இரண்டாவது, எண். மறுபடி நீட்டுவார்கள் என்றால், ஒரே மெசேஜ் இரண்டு தடவை வரும் என்று அர்த்தம். வரட்டும். ஒவ்வொன்றுக்கும் மாறாத எண் இருந்து, "இந்த எண்ணுக்கு ஏற்கெனவே அச்சடித்தாச்சு" என்று பார்க்கத் தெரிந்தால், நகைக்கடைக் காலண்டர் இரண்டாவது தடவை மெஷினில் ஏறாது. இதற்கு நாம் தினமும் கையில் வைத்திருக்கும் உதாரணம் யுபிஐ. 2016-ல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் கொண்டுவந்தபோதே இதை மெசேஜ் முறையில்தான் அமைத்தார்கள். பணம் அனுப்பச் சொன்னால் முதலில் "கிடைத்தது" என்று ஒரு பதில் வரும். ஆயிற்றா இல்லையா என்ற முடிவு, அதே எண்ணோடு தனி மெசேஜாகப் பின்னால் வரும். வராவிட்டால், "அந்த எண் என்ன ஆச்சு?" என்று கேட்கத் தனி வழி வைத்திருக்கிறார்கள். புதுசாக இன்னொரு தடவை பணம் அனுப்புவது வழியல்ல. டீக்கடையில் "பெண்டிங்" என்று காட்டியதும் பதறிப்போய் மறுபடி ஸ்கேன் செய்கிறோமே, அது அந்த அச்சகத்துப் பெண் இரண்டாம் தடவை "சேவ்" அழுத்தியதற்குச் சமம். நம்மேல் தப்பில்லை, காத்திருக்கச் சொன்ன திரை காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு. ரேபிட்எம்க்யூவில் பிரீஃபெட்ச் என்று ஓர் அமைப்பு உண்டு. ரசீது வராத மெசேஜ் ஒரு சர்வீஸின் கையில் ஒரே நேரத்தில் எத்தனை இருக்கலாம் என்பதை அது சொல்லும். நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் வரம்பில்லாமல் அள்ளிக் கொடுத்துவிடும். வாங்கியவர் திணறிப் படுத்துவிடுவார். "4 பேருக்கு மேல் கூடாது" என்ற விதி எதற்கு என்று தெரிந்த ஊர்ப்பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்கு நேரமே ஆகவில்லை. க்யூவும் எல்லையில்லாமல் வளரலாகாது. எடுக்கிற வேகத்தைவிட வைக்கிற வேகம் நாள்கணக்கில் அதிகமாக இருந்தால், பிரச்சினையைத் தீர்க்கவில்லை, தள்ளிப் போட்டிருக்கிறோம். ஆள் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்குவதைக் குறைக்க வேண்டும்.

நான்காவது, தேறாததைத் தனியே ஒதுக்குவது. டிசைன் எண்ணே இல்லாத ஓர் ஆர்டர் மெசேஜ் வந்துவிட்டது என்று வையுங்கள். அச்சு சர்வீஸ் அதை எடுக்கும், முடியாமல் திருப்பும், மறுபடி எடுக்கும். பின்னால் நிற்கும் நல்ல ஆர்டர்களுக்கெல்லாம் வழி அடைபடும். இத்தனை தடவை முயன்றும் ஆகாததைத் தனிக் க்யூவுக்கு மாற்றிவிட வேண்டும். டெட் லெட்டர் க்யூ என்பார்கள். ஒதுக்கினால் போதாது. தினமும் காலையில் அதைத் திறந்து பார்க்க ஓர் ஆளின் பேரைப் போட்டு வைக்க வேண்டும். ஆள் பேர் இல்லாத டெட் லெட்டர் க்யூ குப்பைத்தொட்டி.

எதை வைக்கக் கூடாது

ருசி கண்ட பிள்ளைகள் எல்லாவற்றையும் க்யூவில் போட ஆரம்பிப்பார்கள். அதையும் தடுக்க வேண்டியிருக்கிறது. "இந்த டிசைனுக்குக் காகிதம் இருக்கா?" என்று ஏஜெண்ட் கேட்கும்போது, "மெசேஜ் வைத்திருக்கிறோம், பதில் வரும்" என்றால் ஆர்டர் அடுத்த அச்சகத்துக்குப் போய்விடும். உடனே பதில் வேண்டிய கேள்வியை நேராகத்தான் கேட்க வேண்டும். ஆர்டர் ஏற்ற பிறகு காகிதம் தீர்ந்தது தெரிந்தால், "ரத்து, அட்வான்ஸ் திரும்பி வருகிறது" என்று இன்னொரு மெசேஜ் போகவும் வழி செய்திருக்க வேண்டும். வேலை பல அறைகளுக்குப் பிரிந்த பிறகு, "என் ஆர்டர் எங்கே நிற்கிறது?" என்று வாடிக்கையாளர் கேட்டால் ஆர்டர் எண்ணை வைத்து ஒரே இடத்தில் பார்த்துச் சொல்லவும் முடிய வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் சின்னக் கடைக்கு இவ்வளவும் தேவையா என்றால், பல நேரம் தேவையில்லை. ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ் போதும். அறை கூடக்கூட, நடுவில் நடக்கவும் ஆள் வேண்டும்.

வீட்டுக்கு வந்தால்

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, சர்வரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோமா என்று எனக்கே சந்தேகம் வரும்.

எங்கள் பக்கம் கடை வைத்து முன்னுக்கு வந்த குடும்பங்கள் அதிகம். மகன் தலையெடுத்ததும் அப்பா, "இனி நீ பாரு" என்பார். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வாடிக்கையாளர் விலை கேட்டால் மகன் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிடுவார். மகன் ஒரு சரக்கைக் கொள்முதல் செய்ய அப்பா முகத்தைப் பார்ப்பான். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் கடையும் படுக்கும். ஒப்படைத்தேன் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்பது இதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. "நீயே பாத்துக்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுத் தீர்த்த யாத்திரை போகிறவர். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் கட்ட வேண்டும், எந்த ஆளை நம்பலாம், எந்த ஆளை நம்பக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். மாதத்துக்கு ஒரு தடவை கணக்கும் கேட்க மாட்டார். இது பெருந்தன்மை மாதிரித் தெரியும். என் கணக்கில் இது உள்குத்தகை. உரிமம் இவர் பேரில், பாரம் அவர் தலையில், கேட்பார் யாருமில்லை.

நன்றாக ஒப்படைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கொடுக்கும்போதே முழுசாகச் சொல்வார்கள். "அப்பாகிட்ட கேட்டுக்கலாம்" என்று பாதியை மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பார்கள். முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்வார்கள். அப்புறம் எழுந்து போய்விடுவார்கள். பிள்ளை ஒரே விஷயத்தை இரண்டு தடவை வந்து கேட்டால் எரிந்து விழ மாட்டார்கள். இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொல்வார்கள். முடியாமல் திரும்பி வந்ததை, "எதுனால ஆகலை?" என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். எத்தனை வேலையை ஒரே நேரத்தில் தலையில் ஏற்றலாம் என்ற அளவும் அவர்களுக்குத் தெரியும். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளிடம் முதல் வாரமே வீட்டுக் கணக்கு, மாமியார் மருந்து, கோயில் கொடை வரி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, "திணறுறாளே" என்று பேச மாட்டார்கள்.

உடனே பதில் தேவைப்படுகிற இடமும் வீட்டில் உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்றால், மனஸ்தாபம் என்றால், வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு இரண்டு டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. நேரே போக வேண்டும். முடியாவிட்டால் போன் போட வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும், சென்னையில் வேலையில் இருக்கும் பிள்ளை ஒரே மணியில் போனை எடுக்கவில்லை என்று நாம் முகத்தைத் தூக்கிக்கொள்ளத் தேவையில்லை. செய்தியைப் போட்டுவிடலாம். அவன் வேலை முடிந்து பார்ப்பான்.

பிள்ளைகள் என்னிடம், "ஐயா, எதை முதல்ல பிரிக்க?" என்று கேட்டால், தாமதமானாலும் வாடிக்கையாளரைக் காக்க வைக்கத் தேவையில்லாத வேலை எதுவோ அதை என்பேன். பெரும்பாலும் அது எஸ்எம்எஸ்ஸாகவோ மெயிலாகவோ இருக்கும். அதை மட்டும் எடுத்துக் க்யூவில் வையுங்கள். ரசீது, எண், அளவு, ஒதுக்கிடம் நான்கும் சரியாக இருக்கிறதா என்று ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். பெரியவர்கள் கேட்டாலும் இதே யோசனைதான். முழுக் கடையையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். ஒரு வேலையை முழுசாகக் கொடுங்கள், நாள் சொல்லுங்கள், முடிந்ததும் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை வாசலில் நிற்காதீர்கள். சொன்ன நாள் தாண்டியும் தகவல் வரவில்லையா, தயங்காமல் போய்க் கதவைத் தட்டுங்கள். அதைத் தொந்தரவு என்று யாரும் சொல்ல முடியாது. கொடுத்தவனின் பாதி வேலை அது.